'வரை' என்ற ஒரு சொல்: விவரக்குறிப்பை முதலில் எழுதி நிரல் அமைப்பது குறித்து

லாசுப்பேட்டை எழுதியது:

வணக்கம். கடலூர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்காகப் பயணக் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றை நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து பராமரித்து வருகிறோம். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், ஏலத்தில் விற்ற தொகை, ஆட்களின் பங்கு ஆகியவற்றை ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் அது வைத்துக்கொள்கிறது. தடைக்காலத்தில் புதிய பயணம் திறக்கக் கூடாது என்பது அதிலுள்ள விதிகளில் ஒன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். வாடிக்கையாளர் அதை ஒரே வரியில் சொன்னார், நாங்களும் ஒரே வரியில் நிரலாக்கிவிட்டோம்.

சென்ற ஜூன் 15 அன்று அதிகாலை 3.10 மணிக்குக் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு கணக்கர் தொலைபேசியில் அழைத்தார். தடை முடிந்து படகுகள் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஐஸ் ஏற்றியாகிவிட்டது, டீசல் ரசீது கையில் இருக்கிறது, ஆனால் 'தடைக்காலம் நடப்பில் உள்ளது' என்று திரை சொல்கிறது, பயணம் திறக்க மறுக்கிறது. அவர் வேறு வழியில்லாமல் பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். நான் காலையில் எழுந்து பத்து மணிக்குச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க அன்று மாலை ஆயிற்று. எங்கள் சர்வரின் கடிகாரம் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே ஜூன் 15 அதிகாலை 3.10 ஆக இருந்தபோது சர்வரில் ஜூன் 14 இரவு 9.40. காலை ஐந்தரை மணி ஆனதும் பிழை தானாகவே மறைந்துவிட்டது. படகுக்காரர்களுக்கு நிரல் தேவைப்பட்ட அந்த ஐந்தரை மணி நேரம் மட்டும் அது தவறாக இருந்திருக்கிறது.

பிழையைத் திருத்திவிட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. எங்களிடம் இருந்த சோதனைகள் அத்தனையும் அன்று தேறியதாகப் பச்சை நிறத்தில்தான் இருந்தன. நிரல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் விவரக்குறிப்பை முதலில் எழுதி, அதிலிருந்து சோதனையையும் நிரலையும் வடித்தெடுக்கும் முறையைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். இரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் இடத்தில் அது நடக்கக்கூடியதா? இந்தப் பிழையை அது முன்கூட்டியே பிடித்திருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் எழுதியது:

நான் பதினான்கு ஆண்டுகளாக மென்பொருள் சோதனைத் துறையில் இருக்கிறேன். உங்களிடம் இருந்த விவரக்குறிப்பு ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்குள் பதில் சொல்லப்படாத கேள்விகள் பல ஒளிந்திருந்தன. அவற்றுக்கெல்லாம் நீங்கள் அறியாமலேயே உங்கள் நிரல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் கேள்வி 'வரை' என்ற சொல்லில் இருக்கிறது. ஜூன் 14 வரை என்றால் ஜூன் 14 உள்ளா, வெளியா? பேச்சுத் தமிழில் இரண்டு பொருளும் நடமாடுகின்றன. 'பண்ருட்டி வரை போனேன்' என்பவர் பண்ருட்டிக்குள் போயிருப்பார், 'விடியும் வரை காத்திருந்தேன்' என்பவரின் காத்திருப்பு விடிந்ததும் முடிந்துவிடும். இங்கே நமக்கு ஒரு சான்று இருக்கிறது: தடைக்காலம் 61 நாள் என்று சொல்லப்படுகிறது. ஏப்ரலில் 16 நாள், மே மாதத்தில் 31, ஜூனில் 14 என்று கூட்டினால் 61 வருகிறது. ஆகவே இரு முனைகளும் உள்ளே சேர்ந்தவை. இந்தக் கூட்டலை விவரக்குறிப்பிலேயே எழுதி வைத்திருந்தால் பிற்காலத்தில் யாரும் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி, எந்தக் கடலின் தடைக்காலம் என்பது. உங்கள் வாடிக்கையாளர்களில் புதுச்சேரிக்காரர்களும் இருக்கிறார்கள் என்கிறீர்கள். புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் மூன்றும் கிழக்குக் கரை, ஆனால் மாஹே மேற்குக் கரை. அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே ஆட்சிப் பகுதிக்குள் இரண்டு தடைக்காலம் இருக்கும்போது, தேதியை மட்டும் பார்த்து விடை சொல்லும் நிரல் என்றாவது ஒரு நாள் தவறத்தான் போகிறது.

மூன்றாவது, 'இன்று' என்பது யாருடைய இன்று என்ற கேள்வி. உங்களை அதிகாலையில் எழுப்பியது இதுதான்.

நானாக இருந்தால் வாக்கியத்துக்குக் கீழே இப்படி ஓர் அட்டவணை போட்டுக் கணக்கரிடம் காட்டியிருப்பேன்:

கடலூர் | ஏப்ரல் 14, இரவு 11.59 | திறக்கலாம்
கடலூர் | ஏப்ரல் 15, நள்ளிரவு 12.00 | திறக்கக் கூடாது
கடலூர் | ஜூன் 14, இரவு 11.59 | திறக்கக் கூடாது
கடலூர் | ஜூன் 15, நள்ளிரவு 12.00 | திறக்கலாம்
மாஹே | மே 31, இரவு 11.59 | திறக்கலாம்
மாஹே | ஜூன் 1, நள்ளிரவு 12.00 | திறக்கக் கூடாது
மாஹே | ஜூன் 20, பகல் 12.00 | திறக்கக் கூடாது
கடலூர் | ஜூன் 20, பகல் 12.00 | திறக்கலாம்

நேரங்கள் அனைத்தும் இந்திய நேரம் என்று மேலே ஒரு வரி. இந்த எட்டு வரியையும் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் எழுதிவிடலாம். நிரல் தெரியாத ஒருவர் இதைப் படித்து 'இந்த வரி தப்பு' என்று விரல் வைத்துச் சொல்ல முடியும். இதே எட்டு வரியை அப்படியே சோதனையாக ஓட்டவும் முடியும். நான்காம் வரி இருந்திருந்தால் உங்கள் பிழை பிடிபட்டிருக்கும்.

காலாப்பட்டு எழுதியது:

மேலே மஞ்சக்குப்பம் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் கணினி அறிவியல் கற்பிக்கிறவன், ஆகவே கொஞ்சம் பழைய செய்தியிலிருந்து தொடங்குவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிரலின் ஒரு பகுதி தொடங்குமுன் எது உண்மையாக இருக்க வேண்டும், முடிந்தபின் எது உண்மையாக இருக்கும் என்ற இரண்டையும் எழுதிவிட்டால் அந்தப் பகுதியைத் தர்க்க முறையில் ஆராயலாம் என்பதை டோனி ஹோர் 1969இல் ஒரு கட்டுரையில் முறைப்படுத்தினார். முன்னதை முன்நிபந்தனை என்றும் பின்னதைப் பின்நிபந்தனை என்றும் சொல்கிறோம். 1980களின் நடுவில் பெர்ட்ராண்ட் மெயர் தம்முடைய ஐஃபெல் மொழியில் இவற்றை மொழியின் உறுப்பாகவே வைத்தார். அழைப்பவருக்கும், அழைக்கப்படும் செயற்கூறுக்கும் (ஒரு வேலையைச் செய்துதரும் நிரல் பகுதி) இடையே உள்ள ஒப்பந்தம் என்று அவர் அதை விளக்கினார். முன்நிபந்தனையை நிறைவேற்றுவது அழைப்பவரின் கடமை, அது நிறைவேறியிருந்தால் பின்நிபந்தனையை நிறைவேற்றித் தருவது செயற்கூறின் கடமை.

எழுதப்படாத முன்நிபந்தனை என்ன செய்யும் என்பதற்கு என் வகுப்பில் நான் ஆண்டுதோறும் சொல்லும் நிகழ்வு ஏரியான் 5 ராக்கெட். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து அது முதன்முறையாகக் கிளம்பியது. ஏறத்தாழ 37 நொடியில் வழிகாட்டும் கருவி செயலிழந்தது, ராக்கெட் திசைமாறிச் சிதைந்தது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றிய இடத்தில் எண் கொள்ளவில்லை. 32,767க்கு மேற்பட்ட மதிப்பு அந்த அளவுக்குள் அடங்காது. அந்த நிரல் ஏரியான் 4இல் பல ஆண்டுகள் சரியாக ஓடியதுதான். ஏரியான் 4இன் பறக்கும் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாக வராது என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. அந்த எண்ணம், மீண்டும் பயன்படுத்துகிறவர் கண்ணில் படும்படி நிரலின் முகப்பில் நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கவில்லை.

லாசுப்பேட்டைத் தம்பியின் நிரலிலும் இதே வகைக் குறைதான். 'சர்வரின் தேதியும் துறைமுகத்தின் தேதியும் ஒன்று' என்பது அவருடைய எழுதப்படாத முன்நிபந்தனை. ஆகவே என் யோசனை இது: தடைக்காலமா என்று சொல்லும் செயற்கூறு கடிகாரத்தைத் தானே பார்க்கக் கூடாது. எந்த நாள், எந்தக் கரை என்ற இரண்டையும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். அப்படி அமைத்தால் ஜூன் 15 வருவதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம், மார்கழி மாதத்தில் உட்கார்ந்துகொண்டே ஜூன் மாத அதிகாலையைச் சோதித்துப் பார்க்கலாம். விவரக்குறிப்பை முதலில் எழுதுவதால் நிரலின் அமைப்பு மாறுவது இந்த இடத்தில்தான். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் உள்ளீடும் விடையுமாக நிற்பதால், நிரலும் அதே வடிவில் நிற்க நேர்கிறது.

முதுநகர் எழுதியது:

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன் என்ற முறையிலும், சிறு வணிகர்களுக்கு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையிலும் நான் மாறுபடுகிறேன்.

முதலில், மஞ்சக்குப்பம் அக்கா போட்ட அட்டவணையே தவறு. 2020இல் கொரோனா ஊரடங்கை ஒட்டித் தடைக்காலத்தைக் குறைத்தார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் மே 31 வரை 47 நாள்தான் தடை, ஜூன் 1ஆம் தேதியே படகுகள் கடலுக்குப் போயின. அதற்கு முன்பு, 2016 வரை தமிழ்நாட்டில் 45 நாள், மே 29ஆம் தேதியோடு முடிந்துவிடும், 2017 முதல்தான் 61 நாள். பழைய நோட்டுகளை ஏற்றித் தரச் சொல்லி யாராவது கேட்டால் உங்கள் எட்டு வரியும் பச்சையாக ஓடும், நிரல் பொய் சொல்லும். எழுதியவருக்குத் தெரியாததை விவரக்குறிப்பு எப்படிச் சொல்லும்?

அடுத்து, ஆவணம் பழசாகிவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் எண்பது பக்கத் தேவைக் குறிப்பு ஒன்று இருந்தது. எல்லாரும் கையெழுத்திட்டிருந்தார்கள், ஆனால் இரண்டாவது மாதத்திலேயே நிரல் ஒரு பக்கமும் ஆவணம் ஒரு பக்கமும் போய்விட்டன. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஆவணத்தை நம்பி ஒரு வாரம் வேலை செய்து, அத்தனையையும் அழிக்க வேண்டியதாயிற்று. அவன் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாவதாக, ஒரு படகுக்காரர் எனக்குக் கொடுக்கும் தொகையில் விவரக்குறிப்புக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் என் வீட்டில் அடுப்பு எரியாது.

காலாப்பட்டு எழுதியது:

2020 பற்றிய செய்திக்கு நன்றி. அது இந்த விவாதத்துக்கு மிகவும் தேவைப்பட்ட செய்தி, ஏனென்றால் இன்னொரு பழைய கருத்தை அது நேராக நிரூபிக்கிறது. டேவிட் பார்னஸ் 1972இல் ஒன்று சொன்னார்: ஒரு மென்பொருளைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காதீர்கள், மாறக்கூடிய முடிவுகள் எவை என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வையுங்கள். தடைக்காலத்தின் நாள்கள் அரசு ஆணையால் வருபவை, 2017இல் மாறின, 2020இல் மாறின, மீண்டும் மாறலாம். ஆகவே அவை நிரலின் நிபந்தனை வரிகளில் எழுதப்பட வேண்டியவை அல்ல. ஆண்டு, கரை, தொடக்கம், முடிவு என்ற நான்கு பத்திகள் கொண்ட தரவாக ஓரிடத்தில் இருக்க வேண்டும். அந்தத் தரவுக்குள் ஓர் ஆண்டு இல்லாவிட்டால் நிரல் ஊகிக்கக் கூடாது, 'இந்த ஆண்டுக்கான ஆணை பதிவாகவில்லை' என்று சொல்லி நிற்க வேண்டும். அதையும் விவரக்குறிப்பில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள்.

எழுதியவருக்குத் தெரியாததை விவரக்குறிப்பு சொல்லாது என்பது உண்மை. ஆனால் அட்டவணை வெளிப்படையாக எழுதப்பட்டிருந்ததால்தான் நீங்கள் ஒரே பார்வையில் அதில் குறை கண்டீர்கள். அதே எண்ணம் நிரலுக்குள் புதைந்திருந்தால் உங்கள் கண்ணுக்கு அது வந்திருக்காது.

லாசுப்பேட்டை எழுதியது:

ஐயா, அக்கா, முதுநகர் அண்ணன், மூவருக்கும் நன்றி. இந்த ஒரு வாரத்தில் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

தடைக்காலச் செயற்கூறை ஐயா சொன்னபடி தனியே பிரித்தேன். முன்பு பயணம் திறக்கும் பகுதியில் தரவுத்தளத்தைப் படிப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது, விதியைச் சரிபார்ப்பது, குறுஞ்செய்தி அனுப்புவது எல்லாம் நூற்றிருபது வரியில் பின்னிக் கிடந்தன. அதைச் சோதிக்க ஒரு பொய்த் தரவுத்தளமும் ஒரு பொய்க் குறுஞ்செய்திச் சேவையும் தேவைப்பட்டன, ஆகவே நாங்கள் ஒழுங்காகச் சோதித்ததே இல்லை. இப்போது விதி மட்டும் பதினோரு வரியில் தனியாக நிற்கிறது. நேரத்தை இந்திய நாளாக மாற்றும் வேலை ஒரே இடத்தில், நிரலின் வாசலில் நடக்கிறது. அட்டவணையைத் தனிக் கோப்பாக நிரலின் கூடவே, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (git) கருவியில் வைத்திருக்கிறோம். யாராவது விதியை மாற்றி அட்டவணையை மாற்றாவிட்டால் சோதனை சிவப்பாகிவிடும். அண்ணன் சொன்ன எண்பது பக்க ஆவணத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஆவணத்தை ஒவ்வொரு நாளும் நிரலோடு மோதிப் பார்க்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

அதே சூட்டில் பங்குக் கணக்கையும் எடுத்தோம். செலவு போக மீதியில் ஆட்களுக்கு உரிய தொகையைத் தலைக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். 10,000 ரூபாயை ஏழு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,428 ரூபாய் 57 பைசா, அதை ஏழால் பெருக்கினால் 9,999 ரூபாய் 99 பைசா. ஒரு பைசா எங்கே போயிற்று என்று கணக்கர் கேட்பார், கேட்டிருக்கிறார். இங்கே எட்டு வரி அட்டவணை போதாது என்று தோன்றியதால், எந்தத் தொகைக்கும் எத்தனை பேருக்கும் பொருந்தும் பொது வாக்கியங்களாக எழுதினோம்: பங்குகளையும் மீதியையும் கூட்டினால் மொத்தத் தொகை வர வேண்டும். எந்த இருவரின் பங்கும் வேறுபடக் கூடாது. மீதி ஆட்களின் எண்ணிக்கையைவிடக் குறைவான பைசாவாக இருக்க வேண்டும். மீதி அடுத்த பயணத்தின் முன்வரவில் சேர வேண்டும்.

இப்படிப் பொது வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு, ஒழுங்கு எதுவுமின்றிப் பலவகை உள்ளீடுகளைக் கணினியையே உண்டாக்கச் சொல்லிச் சோதிக்கும் முறை 2000ஆம் ஆண்டில் கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் ஹாஸ்கெல் மொழிக்காக வெளியிட்ட குவிக்செக்கில் பரவலானது. பைத்தான் மொழியில் அதற்கு ஹைப்போதெசிஸ் என்ற நூலகம் இருக்கிறது. எங்கள் பழைய நிரலை அதற்குக் கொடுத்தவுடன் அது உடைத்துவிட்டது. உடைத்ததோடு நிற்காமல், உடைக்கக்கூடிய மிகச் சிறிய உள்ளீட்டையும் தேடிக் கொடுத்தது: ஒரு பைசா, இரண்டு பேர். அரைப் பைசாவை மேல்நோக்கித் திருத்தும் எங்கள் நிரல் இருவருக்கும் ஒவ்வொரு பைசா கொடுத்து, இல்லாத ஒரு பைசாவை உண்டாக்கியிருந்தது. மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு பயணத்திலும் இந்தப் பிழை கூடவே பயணம் செய்திருக்கிறது. தொகை சிறிதுதான், ஆனால் கணக்கு நோட்டில் ஒரு பைசா பொருந்தாவிட்டாலும் இரவு உட்கார்ந்து தேடுகிறவர் அந்தக் கணக்கர். அவருடைய அந்த நேரத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வில்லியனூர் எழுதியது:

எனக்கு இரண்டு கேள்விகள். எளிய வாக்கியங்களில் எழுதிய விவரக்குறிப்பைச் சோதனையாக ஓட்டும் கியூகம்பர் கருவிக்கு, அந்த வாக்கியங்களை எழுதும் கெர்கின் மொழி உண்டு. அம்மொழிக்குத் தமிழ்ச் சொற்களும் உண்டு. 'அம்சம்', 'பின்னணி', 'காட்சி', 'கொடுக்கப்பட்ட', 'எப்போது', 'அப்பொழுது', 'மேலும்', 'ஆனால்' என்று எழுதலாம், கருவி புரிந்துகொள்கிறது. கணக்கருக்குக் காட்ட இது ஏற்றதாக இருக்காதா?

அடுத்தது செயற்கை நுண்ணறிவு பற்றியது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2025இல் வெளியிட்ட ஸ்பெக் கிட் போன்ற கருவிகளில் முதலில் விவரக்குறிப்பு, பிறகு திட்டம், பிறகு வேலைப் பட்டியல், அதன்பின் நிரல் என்ற வரிசையில் நுண்ணறிவு முகவரே எல்லாவற்றையும் எழுதித் தருகிறது. நான் ஒரு மாதமாகப் பயன்படுத்துகிறேன். வேகம் வியப்பாக இருக்கிறது. அப்படியானால் விவரக்குறிப்பை நாம் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டுமா?

மஞ்சக்குப்பம் எழுதியது:

தமிழ்க் கெர்கினை ஒரு திட்டத்தில் நான் பயன்படுத்தியிருக்கிறேன். மனம் நிறைந்து ஆதரிக்க விரும்பினேன், ஆனால் வாசித்தால் தமிழாக இல்லை. 'எப்போது கணக்கர் பயணத்தைத் திறக்கிறார், அப்பொழுது மறுப்புச் செய்தி வருகிறது' என்ற வரியை என் அம்மாவிடம் காட்டினால், 'எப்போது?' என்று கேள்வி கேட்கிறாய், பதிலை யாரிடம் எதிர்பார்க்கிறாய் என்பார். நம் மொழியில் நிபந்தனை வினையின் வாலில் வருகிறது: திறந்தால், திறக்கும்போது, திறந்தவுடன். வாக்கியத்தின் தலையில் சொல் வைக்கும் அந்த அமைப்பு நமக்குப் பொருந்துவதில்லை. கெர்கினில் தொடக்கச் சொல்லுக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறியையும் போடலாம். நாங்கள் எல்லா வரியையும் நட்சத்திரத்தில் தொடங்கி, வாக்கியத்தை நம் இயல்பில் முடித்தோம். அதன்பிறகே வாடிக்கையாளர் படிக்கத் தொடங்கினார்.

இதைச் சொல்லும்போது, தமிழில் விவரக்குறிப்பு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சில சொற்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பற்றி எங்கும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இணைய நெறிமுறை ஆவணங்களில் கட்டாயம், பரிந்துரை, விருப்பம் என்ற மூன்றையும் குறிக்கும் சொற்களுக்கு 1997இல் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் திட்டமான பொருள் வகுத்தது. நாமும் நம் குழுவுக்குள் அப்படி வகுத்துக்கொள்ள வேண்டும். 'வேண்டும்' என்ற சொல் ஆசையையும் சொல்லும், கட்டாயத்தையும் சொல்லும். 'மாத அறிக்கை வேண்டும்' என்று வாடிக்கையாளர் சொன்னால் அது ஆசை, 'அறிக்கை மாதம் முதல் தேதி உருவாக வேண்டும்' என்றால் கட்டாயம். 'செய்தி அனுப்பப்படும்' என்பது இன்னும் மோசம். அது இப்போது நடப்பதை வருணிக்கிறதா, இனி நடக்கப்போவதை உறுதி சொல்கிறதா என்று தெரியாது, அனுப்புகிறவர் யார் என்பதும் தெரியாது. 'எல்லாப் படகும் போகவில்லை' என்பதில் ஒன்றுமே போகவில்லையா, சில போயினவா? 'உரிமையாளரும் ஓட்டுநரும் ஒப்புதல் தர வேண்டும்' என்றால் இருவரும் தர வேண்டும் என்பது தெளிவு, ஆனால் ஒருவர் மறுத்தால் என்ன ஆகும் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. 'இரண்டு நாளுக்குள்' என்றால் இன்றும் சேர்த்தா, நாளையிலிருந்தா?

ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனத்தில் விமான எஞ்சின் கட்டுப்பாட்டுத் தேவைகளை எழுதுவதற்காக அலிஸ்டர் மேவினும் அவருடைய குழுவினரும் 2009இல் ஈயர்ஸ் என்ற வாக்கிய வார்ப்பு முறையை முன்வைத்தார்கள். ஒரு நிலை நீடிக்கும்போது, ஒரு நிகழ்ச்சி நடந்தவுடன், வேண்டாத ஒன்று நேர்ந்தால் என்று நிபந்தனைகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கிய அச்சு. ஆங்கிலத்தில் அதற்குத் தனித்தனிச் சொற்களைப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. தமிழில் வினையெச்சங்கள் அந்த வேலையை ஏற்கெனவே செய்கின்றன. 'தடை நடப்பில் இருக்கும்போது', 'கணக்கர் பயணத்தை மூடியவுடன்', 'இணையம் அறுந்துவிட்டால்' என்ற மூன்றையும் பாருங்கள். 'அறுந்துவிட்டால்' என்பதில் உள்ள 'விடு' நேரக் கூடாதது நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. நம் மொழியில் விவரக்குறிப்பு எழுத முடியாது என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நுண்ணறிவு முகவர் பற்றி என் கருத்து கடுமையானது. லாசுப்பேட்டை எழுதிய முதல் வாக்கியத்தை அப்படியே அதனிடம் கொடுத்துப் பாருங்கள். 'வரை' என்ற சொல்லுக்கு அது ஒரு பொருளைத் தானே எடுத்துக்கொண்டு, அந்தப் பொருளில் விவரக்குறிப்பை விரித்து எழுதி, அதற்கேற்ற சோதனையை எழுதி, அந்தச் சோதனை தேறும் நிரலையும் எழுதித் தரும். மூன்றும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். மூன்றும் ஒரே தவறான புரிதலில் பிறந்திருந்தால் சோதனை எதையும் காட்டிக்கொடுக்காது. நிரலை அது எழுதட்டும். அட்டவணையை மட்டும் துறைமுகத்தில் நிற்கிற ஒருவர் வரி வரியாகப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதுநகர் எழுதியது:

பங்குக் கணக்குக்கும் தடைக்காலத்துக்கும் நீங்கள் எல்லாரும் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். பணமும் சட்டமும் சம்பந்தப்பட்ட இடத்தில் எட்டு வரி எழுத என்னாலும் முடியும். ஆனால் திரையின் அமைப்பு, பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அறிக்கை எப்படித் தோன்ற வேண்டும் என்பவற்றுக்கு நான் இப்போதும் எழுத மாட்டேன். அவற்றை வாடிக்கையாளரின் கையில் கொடுத்து, அவர் விரல் எங்கே தடுமாறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மழைக்காலத்தில் ஈரக் கையோடு பெரிய பொத்தானைத்தான் அழுத்த முடியும் என்பதை எந்த விவரக்குறிப்புக் கூட்டத்திலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபோதுதான் தெரிந்தது.

ஒரு கேள்வி மட்டும். தடை தொடங்குமுன் கடலுக்குப் போன படகு, தடை தொடங்கிய பிறகு கரை வந்தால் உங்கள் நிரல் என்ன செய்கிறது?

லாசுப்பேட்டை எழுதியது:

அண்ணன் கேட்ட கேள்வியையே நேற்று கணக்கரும் கேட்டார். அட்டவணையைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு கடலூர் முதுநகருக்குப் போயிருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் பேனாவால் சரிக்குறி போட்டுக்கொண்டே வந்தார். எட்டாவது வரி முடிந்ததும் தாளைத் திருப்பிப் பார்த்து, 'திறக்கிறதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள் தம்பி, மூடுறது எங்கே?' என்றார். தடைக்கு முன் படகுகள் கரை திரும்ப வேண்டும் என்று அறிவிப்பு வந்துவிடும், ஆனால் எஞ்சின் பழுதாகி இழுத்து வரப்படும் படகு பிந்தி வரும். கரைக்கு ஏப்ரல் 14ஆம் தேதி இரவே வந்துவிட்டாலும் ஏலக் காசு மறுநாள் கைக்கு வரும். எங்கள் நிரலில் போய்ப் பார்த்தேன். தடைக்காலத்தில் பயணப் பக்கத்தில் எதையுமே சேமிக்க விடாமல் தடுத்து வைத்திருக்கிறோம். இத்தனை ஆண்டும் அந்தக் கணக்கை அவர் 14ஆம் தேதியிட்டு எழுதிச் சமாளித்திருக்கிறார், எங்களிடம் சொல்லவே இல்லை.

தாளின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய வரிகள் இவை:

கடலூர் | ஏப்ரல் 12 திறந்த பயணம், ஏப்ரல் 16 மூடல் | மூடலாம், கரை வந்த நாளையும் காரணத்தையும் கேட்க வேண்டும்
கடலூர் | ஏப்ரல் 12 திறந்த பயணம், ஏப்ரல் 15 ஏல வரவு | பதியலாம், ஏலம் நடந்த நாளின் தேதியிலேயே
கடலூர் | ஏப்ரல் 12 திறந்த பயணம், ஏப்ரல் 15 டீசல் செலவு | கணக்கர் உரிமையாளரைக் கேட்டுச் சொல்வார்

முதல் இரண்டு வரிக்கும் சோதனை எழுதிவிட்டோம், இரண்டும் இப்போது சிவப்பாக இருக்கின்றன. இன்று இரவு நிரலைத் திருத்துகிறேன். மூன்றாவது வரிக்கு உரிமையாளரின் பதில் வரும் வரை அந்தப் பதிவை நிரல் ஏற்காது, 'விதி முடிவாகவில்லை' என்ற செய்தியோடு நிறுத்தி வைக்கும்.